வலப்பக்கத்துப் பால்

கிருஷ்ணவேணியின் வலது மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டியவள் அவளுடைய நாத்தனார் அலமு. பிள்ளையைப் புதைத்துவிட்டு வேகவதி ஆற்றங்கரையிலிருந்து திரும்பிய ஆண்கள் கிணற்றடியில் தலை முழுகிக்கொண்டிருந்தார்கள். சித்திரை மாதம். அரிசிக்காக ரேஷன் கடை வாசலில் ஜனங்கள் வரிசையில் நின்ற அந்த வருஷத்திலும் காஞ்சிபுரத்தில் மல்லிகைக்குக் குறைவில்லை. அலமு பூவைத் தொடுக்காமல் உதிரியாகவே வாங்கி வந்திருந்தாள். அதை மார்பின் மேல் கனமாகப் பரப்பி, பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றி, முதுகுப்பக்கம் முடிச்சுப் போட்டாள்.

“மூச்சு வுட முடியுதா?”

“முடியுது அண்ணி.”

“அப்ப இன்னும் கொஞ்சம் இழுக்கணும்.”

இழுத்தாள். கிருஷ்ணவேணி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“பால் கட்டிக்கினா காய்ச்சல்ல தள்ளிடும்மா. பூ வெச்சா வத்திடும். நாலஞ்சு நாளு வலிக்கும், அப்புறம் ஒண்ணும் தெரியாது.”

“இந்தப் பக்கம்?”

“அது பொண்ணோடது. அது இருக்கட்டும்.”

இரட்டைப் பிள்ளைகள் பிறந்த அன்றே அந்த வீட்டில் ஏற்பட்ட பங்கு அது. ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது. மாற்றிக் கொடுக்கக்கூடாது என்று அலமு சொல்லியிருந்தாள். ஒரு பிள்ளையின் பங்கை இன்னொன்று குடித்தால் ஒன்றின் சீக்கு மற்றதற்கும் வரும் என்பது அவள் கேட்டு வளர்ந்த பேச்சு. பையன் முரட்டுப் பிள்ளை. அவன் உறிஞ்சுகிற சத்தம் தறி வரைக்கும் கேட்கும். வலப்பக்கம் அவனுக்காக ஊறி ஊறி ரவிக்கையை நனைத்தபடியே இருக்கும். பெண் பூனைக்குட்டி அளவு. கொஞ்சம் சப்பிவிட்டுக் களைத்துத் தூங்கிப்போகும். அதற்குத் தகுந்தபடிதான் இடப்பக்கம் சுரந்தது. இப்படி இருக்கும்போதுதான் பையனுக்கு வாந்தியும் பேதியும் கண்டு, விடிந்ததிலிருந்து பொழுது சாய்வதற்குள் கண் செருகிவிட்டது. பிறந்து மாதம்கூட முடியவில்லை.

போனவனோடு அவன் பங்கையும் அனுப்பிவிட வேண்டும் என்று அலமு நினைத்தாள். அதில் வஞ்சகம் எதுவும் இல்லை. அந்தப் பையனைத் தரையில் விடாமல் தூக்கி வைத்திருந்தவளே அவள்தான். 

கிருஷ்ணவேணி கூரம் கிராமத்துப் பெண். அப்பா ராமலிங்கம் கொஞ்சம் நிலமும் சில மாடுகளும் வைத்துப் பிழைத்தவர். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் தலைப்பிரசவத்துக்குப் போகத் தாய் வீடு என்று ஒன்று அவளுக்கு இல்லை. புருஷன் ஆதிகேசவனும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைதான். ஏரி வறண்ட ஒரு வருஷம், விதவையாகிவிட்ட அக்கா அலமுவையும் அழைத்துக்கொண்டு ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்கு வந்து தறி கற்றுக்கொண்டவன். முதலாளியின் பட்டு, முதலாளியின் ஜரிகை, இவன் கை. உடலையும் கரையையும் தனித்தனி நூலில் நெய்து கோக்கிற கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து உடலை நெய்கிறவன் ஒருவன். பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு ஊடை நூல் கொண்ட நாடாவை எறிய இன்னொருவர். கல்யாணமான நாளிலிருந்து அந்த இன்னொருவர் கிருஷ்ணவேணிதான். அதிகம் பேசாதவள். ஐந்தாறு வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்தபோது, “நாடாதான் போய்ப் போய் வருது, வேற ஒண்ணும் வரக் காணோம்” என்று அலமு ஜாடை பேசுவாள். கேட்டும் கேட்காதது போல நாடாவை எறிந்துகொண்டிருப்பாள்.

இப்போது அவள் இடத்தில் அலமு உட்கார்ந்து கரை போட்டாள். கிருஷ்ணவேணி பின்கட்டில், துணித் தொட்டிலுக்குப் பக்கத்தில், நாடாவுக்குள் போடுகிற ஊடை நூலை ராட்டையில் தார்க்குழலில் சுற்றிக்கொண்டு கிடந்தாள்.

வலது மார்பு கல்லாக இறுகியது. அக்குள் வரைக்கும் வலி விண்விண் என்று தெறித்தது. பூ உடம்புச் சூட்டில் வெந்து கீரை மாதிரி கறுத்துப் போனதும் அலமு புதுப் பூ வைத்து மறுபடி கட்டினாள். பையன் பசித்து அழுகிற நேரம் உடம்புக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த நேரம் வந்தால் கட்டுக்குள் குறுகுறுக்கும், துணியில் ஈரம் படரும். பிறகு ஈரம் நின்றது. கல் கரைந்து மார்பு தொளதொளவென்று ஆனது. அலமு சொன்னபடியே வலி போயிற்று.

யாரும் எதிர்பார்க்காதது அதற்கப்புறம் நடந்தது. இடப்பக்கமும் குறையத் தொடங்கியது. பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது என்று அவளுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தம்ளர் வெந்நீர்தான். சித்திரை வெயிலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். துக்கம் வேறு சோற்றை இறங்கவிடவில்லை. பெண் குழந்தை வாய் வைக்கும், இரண்டு மிடறு விழுங்கும், பிறகு வெறும் மார்பைச் சப்பிவிட்டு அழும். தொட்டில் துணி நனைவது குறைந்தது. தொடையில் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது.

அலமு பசும்பாலில் பார்லித் தண்ணீர் கலந்து, ரப்பர் காம்பு போட்ட புட்டியில் கொடுத்துப் பார்த்தாள். குழந்தை ஆவலாகக் குடித்தது. மறுநாள் பச்சையாகப் பேதி போயிற்று.  பையனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

ஆதிகேசவன் தறியை நிறுத்திவிட்டு அவளையும் குழந்தையையும் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். உள்ளே போக வெட்கப்பட்டு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டான். இந்திராணி என்ற நர்ஸ் குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி இழுத்து, அது மெதுவாகத் திரும்புவதைப் பார்த்தாள். பிறகு கிருஷ்ணவேணியின் ரவிக்கையை விலக்கினாள்.

“இது இன்னாம்மா கட்டு?”

“பையனோட பக்கம். பையன் பூட்டான்.”

 வெளியே பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எவள் குழந்தையோ விடாமல் வீறிட்டுக்கொண்டிருந்தது.

“நல்லா சுரந்த பக்கத்த கட்டிட்டு, சுரக்காத பக்கத்த வெச்சிக்கினு இருக்கிற. பால் ஊறணும்னா குழந்த சப்பணும். சப்ப இதுக்குத் தெம்பு இல்ல. தெம்பு வர பால் வேணும். நான் இன்னா பண்றது சொல்லு?”

கிருஷ்ணவேணி ரவிக்கையை இழுத்து மூடிக்கொண்டாள்.

“புட்டியத் தூக்கிப் போடு. பாலக் காய்ச்சி ஆறவெச்சி பாலாடையில குடு. கட்ட அவுத்துடு. தண்ணி குடிக்கிறியா?”

“குடுக்க மாட்டாங்க.”

“உங்க வூட்ல கெணறு இல்லியா?”

“இருக்குது.”

“அப்ப யாரு குடுக்கணும் உனக்கு?” என்ற இந்திராணி, அடுத்தவளைக் கூப்பிடுமுன் குரலைத் தணித்துக்கொண்டாள். “இன்னும் எளைச்சா இங்க தூக்கியாராத. நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடு. பயமுறுத்தல. சொல்லி வெக்கிறேன்.”

வீட்டுக்கு வந்து புட்டியைத் தூக்கிப் போட்டாள். தண்ணீரும் குடித்தாள், கிணற்றடியில் யாரும் இல்லாத நேரத்தில், வாளியோடு தூக்கி. கட்டை மட்டும் அவிழ்க்கவில்லை. அவளும் அந்த வீட்டில் வாழ்கிறவள்தான். செத்தவன் பங்கு என்ற பேச்சுக்கு அவளுக்கும் பயம் இருந்தது.

பால்காரன் சிட்டிபாபு மாட்டை ஓட்டி வந்து வாசலிலேயே கறந்து கொடுக்கிறவன். அடுத்த நாள் காலை அவன் தோளில் ஒரு கன்றுக்குட்டி தொங்கியது. வைக்கோல் அடைத்த வெறும் தோல். கண் இருந்த இடத்தில் சணல் தையல். அதை மாட்டின் முன்னால் சுவரோரம் சாய்த்து நிறுத்தினான். மாடு முகர்ந்து பார்த்துவிட்டு நக்க ஆரம்பித்தது.

“கன்னு எப்பப்பா செத்துது?” என்று கேட்டபடி அலமு செம்பை நீட்டினாள்.

“போன அமாவாசைக்கும்மா. உப்புத் தண்ணி தடவித்தான் நிறுத்தறேன். உசுரோட இருந்தப்பகூட இத இவ்ளோ நக்கல அந்தம்மா.”

“பால்ல தண்ணி ஊத்தி எங்கள ஏமாத்துறது பத்தலைன்னு மாட்ட வேற ஏமாத்துறியா?”

“மாடு ஏமாறலைன்னா வத்திடும்மா. வத்துன மாட்ட யாரு வெச்சிக்குவா?”

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நடையில் உட்கார்ந்திருந்த கிருஷ்ணவேணி, மாட்டின் நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூரத்தில் ஒரு தடவை காராம்பசுவுக்கு மடியில் புண் வந்து ஒரு காம்பு வற்றிவிட்டது. அப்பா கன்றை எடுத்ததும் மற்றக் காம்புகளுக்கு விடமாட்டார். பசி வேகத்தில் இருக்கும்போது முதலில் வற்றின காம்பில் விடுவார். கன்று முட்டும், ஒன்றும் வராது, கோபத்தில் இன்னும் முட்டும். அப்புறம்தான் ஊறின காம்பைக் காட்டுவார். அடுத்த வேளையும் அப்படியே. அந்தக் காம்பு பழையபடி ஆகவில்லை. ஆனால் கொடுத்தது.

“அண்ணி, கன்னு செத்தா மாட்டுக்கு யாரும் பூ வெச்சிக் கட்டுறதில்ல.”

அலமு திரும்பிப் பார்த்தாள். “நீ மாடா?”

“மாடா இருந்தா தேவல.”

சிட்டிபாபு தலையை இன்னும் குனிந்துகொண்டு கறந்தான்.

அன்று பகலில், தறிச் சத்தம் ஒரே சீராகக் கேட்க ஆரம்பித்ததும், கிருஷ்ணவேணி கட்டை அவிழ்த்தாள். கறுத்த பூச்சருகுகள் மடியில் உதிர்ந்தன. மார்பைக் கழுவித் துடைத்துவிட்டுக் குழந்தையை வலப்பக்கம் போட்டாள். அது பழக்கமில்லாத பக்கம். வாயைத் திறந்து பிடித்தது, சப்பியது, ஒன்றும் வராததால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. கன்று மாதிரி முட்ட அதற்கு ஏது பலம்? மறுபடி வைத்தாள். மறுபடி அழுதது. பாலாடையால் மார்பின் மேல் சொட்டுச் சொட்டாகப் பால் விட்டால் அந்த ருசியில் சப்பும் என்று தோன்றியது. ஆனால் ஒரு கை குழந்தையின் தலைக்கு, ஒரு கை மார்புக்கு. பாலாடையைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. அந்த வீட்டில் இருந்த இன்னொரு பெண் கை, இதற்கு வராத கை.

வழி தார் சுற்றும்போது கிடைத்தது. ராட்டைக்கு மேலே நனைத்துத் தொங்கவிட்ட பட்டு இழையில் ஒரு சொட்டுத் தண்ணீர் மெதுவாக இறங்கி வந்து அவள் விரலில் நின்றது. தினமும் பார்க்கிறதுதான். அன்றைக்கு அவள் ராட்டையை நிறுத்திவிட்டு அடுத்த சொட்டு இறங்கும் வரை காத்திருந்தாள்.

சேலை அறுத்தபின் தறியில் மிஞ்சுகிற பாவு நூலின் நுனியில் சாயம் ஏறாத வெள்ளை இழைகளைப் பிரித்து எடுத்தாள். வெந்நீரில் கொதிக்கவிட்டு, சேர்த்து முறுக்கித் திரி மாதிரி ஆக்கினாள். விளக்கு வைக்கிற மாடக்குழியில் ஒரு கிண்ணத்தில் காய்ச்சி ஆறின பாலை வைத்து, திரியின் ஒரு முனையை அதில் முக்கி, மறுமுனையை மார்புக் காம்போடு சேர்த்து விரலால் பிடித்துக்கொண்டாள். பால் இழை வழியே இறங்கியது. குழந்தையின் உதட்டில் பட்டதும் அது கண்ணைத் திறந்தது. சப்பியது. ஒரு சொட்டு. மறுபடி சப்பியது. இன்னொரு சொட்டு. வேலைக்குக் கூலி கிடைக்கிற நிச்சயத்தோடு அது சப்பிக்கொண்டே இருந்தது.

தார் வாங்கிப்போக வந்த அலமு வாசற்படியிலேயே நின்றாள்.

“எந்தப் பக்கம் அது?”

கிருஷ்ணவேணி திரியை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

“உன்னத்தான் கேக்கறேன். எந்தப் பக்கத்துல வெச்சிக்கினு இருக்கிற?”

“ரெண்டும் என் பக்கந்தான் அண்ணி.”

“பசியோட போனவன்டி அவன். அவன் எலையிலருந்து எடுத்து இதுக்கு ஊட்டுறியா? சும்மா இருப்பானா? இதையும் கூட்டிக்கினு பூடுவான்.”

கிண்ணத்தை எடுத்துப்போய் முற்றத்தில் கொட்டினாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் கிருஷ்ணவேணியும் ஏதாவது சொல்லியிருப்பாள்.

அன்று சாயங்காலமே குழந்தைக்கு உடம்பு சுட்டது.

கோடைச் சூடு. தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்போது சுட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அலமு தொட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்ற விதம், பையன் கூப்பிடுகிறான் என்று சொன்னது. கிருஷ்ணவேணி எழுந்து, துவைத்துக் காயப்போட்டிருந்த வேட்டித் துணியைத் தானே எடுத்து, தானே தன் வலது மார்பை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பல்லால் பிடித்து முடிச்சு இழுத்தாள். மன்னித்துக்கொள் என்று பையனிடம் சொன்னாளா, பெண்ணிடம் சொன்னாளா என்பது அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் சூடு தணிந்தது. ஆனால் குழந்தை அழவில்லை. அதுவரை அதன் அழுகையைக் கேட்டு நொந்துகொண்டிருந்தவளுக்கு இப்போது அது அழாததுதான் பெரிய பயமாக இருந்தது. உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. பாலாடையால் ஊற்றினால் பாதி கடைவாய் வழியே வழிந்தது. கட்டிக்கொண்டாகிவிட்டது, பையனின் பங்கை யாரும் தொடவில்லை, ஆனாலும் இது போய்க்கொண்டுதான் இருந்தது. அவன் வந்து அழைத்துப்போகிறானோ இல்லையோ, பசி அழைத்துப்போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு தூரம் யோசித்தபின் அவளுக்கு யோசிக்க வேறு ஒன்றும் மிஞ்சவில்லை. கட்டை அவிழ்த்து அடுப்பில் போட்டாள். துணி பிடித்து எரிகிற வரைக்கும் நின்று பார்த்தாள்.

சாப்பிட எழுந்து வந்த ஆதிகேசவனிடம், தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்.

“ஏங்க, நான் இனிமே தார் சுத்தல. நாளையிலருந்து சோறும் ஆக்கல. இத மடியில வெச்சிக்கினு உக்காரப்போறேன். அண்ணி எது சொன்னாலும் நீங்க பேசாம இருக்கணும்.”

“நான் எப்பவும் பேசாமத்தான் இருக்கிறேன்.”

“அது அண்ணிக்காக. இந்தத் தடவ எனக்காகப் பேசாம இருங்க.”

அவன் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். கை கழுவிவிட்டுப் போகும்போது, குடிதண்ணீர்ப் பானையை அடுக்களையிலிருந்து தூக்கி வந்து அவள் உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு தறி நடந்த மாதிரி இருந்தது. முன்கட்டில் ஒன்று, பின்கட்டில் ஒன்று. பின்கட்டில் அவள் குழந்தையை எழுப்புவாள். பசி கூர்மையாக இருக்கும்போது முதலில் வலப்பக்கம், திரி இல்லாமல். சிணுங்க ஆரம்பித்ததும் திரியோடு. களைத்தால் இடப்பக்கம். தூங்கிவிட்டால் உள்ளங்காலைச் சுண்டி எழுப்பி மறுபடி வலப்பக்கம். குழந்தை எழவே மாட்டேன் என்றால் தன் கையாலேயே மார்பைப் பிழிவாள், ஒன்றும் வராவிட்டாலும். காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. குழந்தை வாய் வைத்த முதல் கணம் உச்சந்தலை வரைக்கும் இழுக்கும், கால் விரல்கள் மடங்கும். பானையில் தண்ணீர் தீர்ந்தால் ஆதிகேசவன் நிரப்பி வைத்தான். அலமு சோறு ஆக்கித் தட்டைக் கொண்டுவந்து நகர்த்திவிட்டுப் போனாள். தட்டில் முருங்கைக்கீரையும் பூண்டும் இருந்தன.  மாடக்குழியில் கிண்ணம் இருப்பதை அவள் பார்த்தாள். கொட்டலாமா என்று யோசிக்கிறவள் மாதிரி நிற்பாள், போய்விடுவாள்.

பக்கத்து வீட்டுக் காமாட்சியம்மாள் மாவு சலிக்கிற சல்லடை கேட்க வந்தவள் எட்டிப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

“இன்னா வேணி, பொண்ணுக்குப் பட்டு நூல்ல பாலா? அப்ப கல்யாணத்துக்கு ஜரிகையில சோறு போடுவ.”

“அதுவரைக்கும் இருந்தா போடறேன் அக்கா.”

காமாட்சியம்மாள் சல்லடையைக் கேட்காமலே போனாள்.

ஒரு பகல் பாவில் இழைகள் அறுந்து தறி நின்றது. ஆதிகேசவன் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். அந்த ஓய்வில் அலமு பின்கட்டுக்கு வந்து, எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டாள். கிருஷ்ணவேணி கிண்ணத்தின் பக்கம் கையை வைத்துக்கொண்டாள்.

“ஒண்ணும் பண்ணல, கைய எடு” என்றாள் அலமு. அவள் குழந்தையைப் பார்க்கவில்லை, ராட்டையைப் பார்த்தாள். “எனக்கு ரெண்டு பக்கமும் கட்டுனாங்க.”

அலமுவுக்கு ஒரு குழந்தை பிறந்து இறந்தது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவள் வாயால் அதைச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

“குப்புற வுழ ஆரம்பிச்சிருந்தான். மாமியா பூ மாத்த வரும்போதெல்லாம், அழுவாத, அடுத்த வருஷம் இதே மாசத்துல ஒண்ணு பெத்துக்குவன்னு சொல்லிக்கினே வரும். அடுத்த வருஷம் என் வூட்டுக்காரரு பூட்டாரு.”

“அண்ணி, கட்டாம வுட்டிருந்தா பால் இருந்திருக்குமா?”

“இருந்து?” அலமு இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தாள். “யாருக்கு?”

முன்கட்டிலிருந்து ஆதிகேசவன் அக்கா என்று கூப்பிட்டான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். போகிறபோக்கில் சொன்னாள்: “திரி நுனி நைஞ்சு போயிருக்குது. பிசிறு பிசிறா வாயில போவும். மாத்து.”

அவ்வளவுதான் அவள் செய்த உதவி. குழந்தையை அவள் தொடவில்லை. அந்தப் பக்கத்தில் அது குடிக்கும்போது நேராகப் பார்க்கவும் இல்லை. கிண்ணம் மட்டும் பிறகு கொட்டப்படவில்லை.

பால் வந்ததைக் கிருஷ்ணவேணி முதலில் நம்பவில்லை. கிண்ணத்தில் வைத்த பால் குறையாமல் இருந்தது. திரி எப்போதோ நழுவித் தரையில் கிடந்தது. ஆனால் குழந்தை விழுங்குகிற சத்தம் கேட்டது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். சப்பல், சப்பல், ஒரு மிடறு. மறுபடி சப்பல், ஒரு மிடறு. குழந்தையின் வாயை விரலால் விலக்கிப் பார்த்தாள். காம்பின் நுனியில் நீர்த்த வெள்ளையாக ஒரு துளி நின்றது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அக்குளிலிருந்து கீழே இறங்குகிற அந்தப் பழைய குறுகுறுப்பு வந்தது. பையன் அழும் நேரத்துக்கு வருமே, அதே. அவள் உடம்பு அவனைத்தான் எதிர்பார்த்துத் திறந்துகொள்வது போல இருந்தது. அவளுக்கு அழுகை பீறிட்டது. குழந்தையின் மேல் விழாமலிருக்கத் தலையை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துக்கொண்டு அழுதாள். சந்தோஷம் என்று அதைச் சொல்ல முடியாது.

ஒரு துளியால் வயிறு நிறையாது. அதற்குப் பிறகும் திரியும் கிண்ணமும் வேண்டியிருந்தன. ஒரு நாள் நன்றாக வரும், மறுநாள் ஒன்றும் இருக்காது. வராத நாளில் தெருவில் யார் வீட்டு வாசலிலாவது மல்லிகை வாசனை அடித்தால்கூட எழுந்துபோய்க் கதவைச் சாத்துவாள். நாளாக ஆகக் கிண்ணத்தில் வைக்கிற பால் குறைந்தது. இந்திராணியிடம் தூக்கிப்போனபோது அவள் தராசில் குழந்தையைப் போட்டுப் பார்த்து, “ஏறியிருக்குது, கொஞ்சம்” என்றாள். அந்தக் கொஞ்சத்தை அழுத்திச் சொன்னாள். இந்தக் குழந்தை எப்போதும் இளைத்துத்தான் இருக்கும், சளி பிடித்தால் உடனே தூக்கி வர வேண்டும் என்றும் சொன்னாள்.

ஆடி பிறந்திருந்தது. முதலாளி வீட்டிலிருந்து ஆவணி முகூர்த்தச் சேலைக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள். ஆதிகேசவன் காலையிலிருந்து தறியில் இருந்தான். அலமு ரேஷன் வரிசைக்குப் போயிருந்தாள். கிருஷ்ணவேணி குழந்தைக்கு இடப்பக்கம் கொடுத்துவிட்டு வலப்பக்கம் மாற்றியிருந்தாள். அது கண்ணை மூடி, நெற்றியில் வேர்வை துளிர்க்க, ஒரே மூச்சாகக் குடித்தது. பிறகு நிறுத்தியது. கை வழக்கம்போல உள்ளங்காலைச் சுண்டப் போயிற்று. ஆனால் குழந்தை தூங்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு, தானாக வாயை எடுத்து, முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டது. மறுபடி காம்பை உதட்டில் வைத்தாள். அது வாயை இறுக்கி மூடிக்கொண்டது. கடைவாயில் பால் வழிந்து கழுத்து மடிப்பில் இறங்கியது.

பிறந்ததிலிருந்து இந்தப் பெண் களைத்துத்தான் விட்டிருக்கிறது, அழுதுதான் விட்டிருக்கிறது. போதும் என்று விட்டதில்லை. இப்போது என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. மார்பை மூடவும் தோன்றாமல், அது உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலப்பக்கத்திலிருந்து பால் இன்னும் சொட்டியது. குடிக்க ஆள் இல்லாமல் புடவையில் சொட்டிப் பரவியது.

“வேணி, கரைக்கு ஆள் இல்ல” என்று முன்கட்டிலிருந்து ஆதிகேசவன் குரல் கொடுத்தான்.

அவள் எழுந்திருக்கவில்லை.

“வேணி.”

“கேக்குதுங்க,” என்றாள். “செத்த இருங்க.”